எறும்பு வாய்

வீட்டில் அவளுக்குப் பெயர் பொடிசு. முப்பது தாண்டி, காதோரம் ஒன்றிரண்டு நரையும் எட்டிப் பார்த்தாகிவிட்டது. ஆனாலும் அண்ணனுக்கும் அண்ணிக்கும் அவள் பொடிசுதான். அக்கம்பக்கத்திலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டதால், கூரியர்க்காரர் அவளுடைய நிஜப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அப்படி யாரும் இங்கே இல்லையே என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அவளுக்கு வேலை, கதைப் புத்தகங்களைச் சத்தமாக வாசிப்பது. குளியலறை அளவே உள்ள ஓர் அறை. சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு. நடுவில் ஒரு மைக், பக்கங்களை வைக்க ஒரு ஸ்டாண்டு, கிரீச்சிடாத ஒரு ஸ்டூல். அவள் அங்கே உட்கார்ந்து வாசிப்பதைப் பதிவு செய்து விற்பார்கள், மக்கள் போனில் போட்டுக் கேட்பார்கள். வளையல் போடக்கூடாது, மொடமொடவென்று துணி உடுத்தக்கூடாது, வெறும் வயிற்றோடு போகக்கூடாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பதிவு செய்கிறவர் எதையும் விடமாட்டார். அவருக்கு ஊரே வைத்த பெயர் காது. "மேடம், உங்க வயிறு ஏதோ கேக்குது. ரெண்டு பிஸ்கட் போட்டுட்டு வாங்க" என்று மைக்கிலேயே சொல்லி மானத்தை வாங்குவார்.

ஒரே தொண்டையில் பத்துப் பேரைக் குடிவைக்கப் பொடிசு ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். ஒவ்வொரு குரலுக்கும் ஒரு சாவி. சாவி என்றால், நிஜத்தில் யாரோ சொன்ன ஒரு வாக்கியம். அதை அந்த ஆள் சொன்ன மாதிரியே ஒரு தரம் முணுமுணுத்தால் போதும், குரல் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் புத்தகத்தில் உள்ளதை வாசிப்பாள். குடிகாரன் வந்தால், "நான் தெளிவாத்தான் இருக்கேன், தரைதான் சரியில்ல." இது கீழ்வீட்டுக்காரர் ஒரு நாள் படியில் உருண்டு எழுந்தபோது சொன்னது. இந்தச் சாவிகளையெல்லாம் பிறகு காது வெட்டி எறிந்துவிடுவார். கேட்கிறவர்களுக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது.

அம்மா இறந்தபோது பொடிசுக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணனுக்கு அப்போதுதான் லிப்ட் பழுது பார்க்கும் வேலை கிடைத்திருந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு லிப்ட் குழிக்குள் இறங்க முடியுமா? அவசர அவசரமாகக் கல்யாணம் செய்துகொண்டான். அண்ணி வந்தாள். வந்த அன்றைக்கு அவள் இடுப்பில் ஏறிய பொடிசு இன்னும் முழுசாக இறங்கவில்லை என்று அண்ணன் கேலி செய்வான். அது உண்மையும்தான். அண்ணனுக்குப் பிள்ளை இல்லை, பொடிசுக்குக் கூடிவந்த கல்யாணம் ஒன்று கலைந்துபோனது, மூன்று பேரும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். அண்ணியின் மனம் கோணிப்போனால் பொடிசுக்கு உலகத்தில் வேறு போக்கிடம் கிடையாது.

அண்ணி ஒரு பெரிய ஓட்டலின் சலவைக் கூடத்தில் வேலை பார்த்தாள். படுக்கை விரிப்புகள் சுடச்சுட உருளைகளுக்கு நடுவிலிருந்து வந்து விழும், அவற்றை மடித்து அடுக்க வேண்டும். கை இரண்டும் காய்ப்பு ஏறி, சூடான பாத்திரத்தைத் துணியில்லாமலே இறக்குவாள். தங்கமான மனுஷி. குரல் மட்டும் கொஞ்சம் பயங்கரம். பொடிசு பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்னால் அண்ணியின் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. அதை அறுத்து எடுத்ததில் ஒரு நரம்பும் சேர்ந்து கெட்டது. அன்றிலிருந்து தகரத்தைத் தரையில் இழுத்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு கரகரப்பு. "சாப்பிட வா" என்று ஆசையாகக் கூப்பிட்டால்கூட, வழக்குப் போட்டுவிட்டுக் கூப்பிடுவது போல இருக்கும். பொடிசுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அண்ணிக்கு அந்தக் குரல்தான்.

இந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பொடிசு வாசித்த எதையும் வெளியே போகுமுன் முதலில் கேட்பது அண்ணி. காது, சாவிகளை வெட்டிச் சுத்தம் செய்த பிரதியை நேரே அண்ணியின் போனுக்கே அனுப்பிவிடுவார். அண்ணி லீவு நாளில் வீட்டுத் துணியை இஸ்திரி போட்டபடி, மேஜை மேல் போனை வைத்து, ஊருக்கே கேட்கிற மாதிரி போட்டுக் கேட்பாள். இயர்போன் அவள் காதில் நிற்காது. கேட்டு முடித்து, "நல்லாருக்கு" என்றால் நன்றாக இருக்கிறது. "ம்" என்றால் எங்கேயோ உதைக்கிறது.

அந்த வருஷம் வந்த நாவல் பதின்வயதுப் பிள்ளைகளுக்கானது. பிள்ளைகளுக்கு என்றுதான் பெயர், பொடிசுக்கே வாசித்துவிட்டு விளக்கை அணைக்க மனம் வரவில்லை. மலைச்சரிவில் ஒரு பழைய வீடு. மழை பெய்கிற ஒவ்வொரு இரவிலும் அந்த வீட்டில் ஓர் அறை குறைகிறது. காலையில் பார்த்தால் கதவு இருந்த இடத்தில் சுவர். அந்த அறையில் படுத்திருந்தவர் இல்லை. இல்லை என்பதுகூட வீட்டில் யாருக்கும் நினைவில்லை, பதினான்கு வயதுப் பெண் ஒருத்தியைத் தவிர. சாப்பாட்டு மேஜையில் ஒரு நாற்காலி காலியாக இருக்கும், எல்லாரும் அது எப்போதுமே காலிதான் என்பார்கள். யார் எந்த அறையில் படுக்க வேண்டும் என்று ஒவ்வொரு சாயங்காலமும் முடிவு செய்கிறவள், இடுப்பில் சாவிக்கொத்து வைத்திருக்கும் பெரியம்மா. அந்தப் பெண்ணின் அம்மா போனதும் அப்படி ஒரு மழையில்தான். அம்மாவின் குரல் மட்டும் சுவருக்குள்ளிருந்து பேசும். எந்த அறையில் தூங்காதே, எந்தப் படியில் கால் வைக்காதே என்று சொல்லிச் சொல்லி அவளைக் காப்பாற்றிக்கொண்டே வரும்.

கடைசி அத்தியாயம் பொடிசுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. பெண் சுவரிடம், "நீ நிஜமாகவே என் அம்மாதானா?" என்று கேட்கிறாள். இல்லை என்கிறது குரல். "நான் இந்த வீடு. உன் அம்மா போன அன்றைக்கு நீ அழுதாய். அழுகை நிற்க ஒரு குரல் வேண்டியிருந்தது. கற்றுக்கொண்டேன்."

"இப்படியா ஏமாத்துறது?" என்று பொடிசு கோபப்பட்டாள்.

"பேய்க்கதை மேடம். ஏமாத்தத்தான் செய்யும்" என்றார் காது.

சரி, வேலை வேலைதான். பெரியம்மாவுக்குக் குரல் தேடி அலையவே வேண்டியிருக்கவில்லை. "வச்ச பொருள் வச்ச எடத்துல இல்லேன்னா, அதுக்கென்ன காலா முளைச்சிருக்கு?" என்று கரகரப்பாக முணுமுணுத்துவிட்டு வாசித்தாள். அண்ணி நாள்தோறும் யாரையாவது பார்த்துச் சொல்கிற வாக்கியம் அது. இது புதிதும் இல்லை. ஏழெட்டுப் புத்தகங்களாகக் கெட்டவள் எவள் வந்தாலும் பொடிசு அந்தச் சாவியைத்தான் போட்டாள். சாவி வெட்டப்பட்டுவிடும், மிஞ்சுவது வெறும் கரகரப்பு, அது தன்னுடையது என்று அண்ணிக்கு எங்கே தெரியப்போகிறது என்று இருந்தாள். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் உள்ளுக்குள் உறுத்தும். வளர்த்தவளை வில்லியாக்கிச் சம்பாதிக்கிறோமே என்றிருக்கும். இந்தப் பெரியம்மா மாதிரி மோசமானவள் இதுவரை வந்ததும் இல்லை.

சுவருக்குள் இருக்கும் அம்மாவுக்கு வேறு சாவி. இதுவரை எந்தப் புத்தகத்துக்கும் எடுக்காதது. அம்மா என்று பொடிசிடம் இருந்ததே அது ஒன்றுதான். முகம் நினைவில்லை, கை நினைவில்லை. ஒரு குரல் மட்டும் இருந்தது. மெல்லிய, கொஞ்சம் சிரிப்புப் பூசிய குரல், சோற்றை உருட்டிக்கொண்டே சொல்கிறது: "யானை வாய் வேணாம். எறும்பு வாய். எறும்பு வாய் ஒண்ணே ஒண்ணு." அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் தேய்ந்துபோகும் என்று ஒரு பயம். அண்ணியிடம் சொல்லாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. வளர்த்தவளிடம் போய்ப் பெற்றவளின் குரலைப் பற்றி உருகுவது நன்றாகவா இருக்கும்?

கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி இருந்தபோதுதான் அந்தக் கூத்து நடந்தது. மத்தியானம், அவள் மைக் முன்னால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காது தலையில் கை வைத்தார்.

"மேடம், ஒரு தப்பு நடந்துபோச்சு."

"திரும்ப வாசிக்கணுமா?"

"அதெல்லாம் இல்ல. காலைல உங்க அண்ணிக்கு அனுப்பினேன்ல, அது வெட்டாத பிரதி. சாவியெல்லாம் அப்படியே இருக்கு."

பொடிசு தண்ணீரைக் கீழே வைத்தாள். அன்றைக்கு அண்ணிக்கு லீவு. குரல் என்றால் ஏதாவது சொல்லி மழுப்பலாம். காலா முளைச்சிருக்கு என்பதை எப்படி மழுப்புவது? அண்ணி சொல்வதை அப்படியே சொல்லிவிட்டு, அதே மூச்சில், பிள்ளைகளைச் சுவருக்குத் தின்னக் கொடுக்கிற ஒருத்தியாகப் பேசியிருக்கிறாள்.

போன் செய்தாள். இரண்டு தரம் மணி அடித்தது, வெட்டப்பட்டது. மறுபடி செய்தாள். மறுபடியும் வெட்டு. அண்ணி அவளுடைய அழைப்பை எடுக்காமல் விட்டதுண்டு, வெட்டியது கிடையாது. பொடிசு பையை எடுத்துக்கொண்டு இறங்கி ஓடினாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் அவளால் உட்கார முடியவில்லை. என்னென்னவோ நினைவுக்கு வந்து தொலைத்தது. கல்யாணம் கலைந்த வாரத்தில் யாரும் ஒரு வார்த்தை கேட்காதபடி வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்தவர்களையெல்லாம் அந்தத் தகரக் குரலால் அண்ணி விரட்டியது. பொடிசின் முதல் பதிவு வந்தபோது சலவைக் கூடத்தில் எல்லாருக்கும் போட்டுக் காட்டி, உருளையில் விரிப்பைச் சிக்க வைத்துத் திட்டு வாங்கியது. அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் அந்தச் சாவிக்கொத்துக்காரியாக ஆக்கியாயிற்று. தன்மேல் அவளுக்கு அவ்வளவு வெறுப்பாக வந்தது.

மாடிப்படி ஏறும்போதே தன் குரல் கேட்டது. கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளேயிருந்து, "எறும்பு வாய் ஒண்ணே ஒண்ணு." நின்றது. மறுபடி, "எறும்பு வாய் ஒண்ணே ஒண்ணு." யாரோ அந்த ஒரே இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே இஸ்திரிப் பெட்டி நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. பாதி தேய்த்த சட்டை மேஜையில். அண்ணி நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் பனியனோடு நின்றுகொண்டிருந்தான். ஒரு கன்னம் மழித்திருந்தது, மறு கன்னத்தில் நுரை காய்ந்துபோயிருந்தது. மழித்த பக்கம் ஒரு சின்ன வெட்டு. அண்ணியின் போன் அவன் கையில்.

"போன் பண்ணினேன், வெட்டிட்டீங்க" என்றாள் பொடிசு மூச்சு வாங்க.

"கேட்டுட்டு இருக்கும்போது நடுவுல வந்தா? அவர்தான் வெட்டினார்" என்றாள் அண்ணி.

"அண்ணி, அது வந்து… தப்பா நெனச்சுக்காதீங்க. அந்தப் பெரியம்மா…"

"அதுவா?" அண்ணி கையை வீசினாள். "அது எனக்கு எப்பவோ தெரியும். பேய் வந்தா என் குரல், போலீஸ் வந்தா என் குரல், வாடகை கேக்க எவ வந்தாலும் என் குரல். நமக்குத் தெரிஞ்சவங்கள்ல வேற யாருக்குத் தொண்டை இப்படிக் கெட்டிருக்கு? முதல் புத்தகத்துல கஷ்டமாத்தான் இருந்துச்சு. ரெண்டு நாள் உன்கூடச் சரியா பேசல."

"எனக்குத் தெரியவே இல்லையே அண்ணி."

"உனக்கு எது தெரிஞ்சுது? அப்புறம் பழகிருச்சு. இந்தப் பெரியம்மாவ எனக்குப் பிடிச்சுத்தான் இருக்கு. அத்தன அறைக்கும் ஒருத்தியா படுக்கை விரிக்கிறா. எவளாவது விரிப்போட அந்த முனையப் பிடிச்சாளா?"

வேறு நாளாக இருந்தால் பொடிசு சிரித்திருப்பாள். அண்ணன் சிரிக்கவில்லை. "அத விடு" என்றான். "இது யாரு?" போனை அழுத்தினான். எறும்பு வாய் ஒண்ணே ஒண்ணு.

ஒளிக்க இனி ஒன்றும் இல்லை. "அம்மா" என்றாள் பொடிசு.

"எந்த அம்மா?"

"நம்ம அம்மாதான். எனக்குச் சோறு ஊட்டும்போது சொல்வாங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

அண்ணன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி தரையைப் பார்த்தாள்.

"அம்மா உனக்குச் சோறு ஊட்டினதே இல்லம்மா" என்றான் அண்ணன். அவளை அவன் அம்மா போட்டுப் பேசுவது அபூர்வம். "நீ பொறந்ததுலேர்ந்து படுக்கைதான். கையத் தூக்க முடியாது. நான் உள்ள ஷேவ் பண்ணிட்டு இருக்கேன். திடீர்னு வெளிய இவளோட பழைய குரல் கேக்குது. ஆபரேஷனுக்கு முன்னாடி இருந்த குரல். கை ஆடிப்போயி வெட்டிக்கிட்டேன். இது இவ குரல்."

அண்ணிதான் பேசினாள், அந்தத் தகரக் குரலில்.

"யானை வாய்னு சொன்னா கட்டிலுக்கு அடியில ஓடிருவ. எறும்பு வாய்னு சொன்னாத்தான் தொறப்ப. ஆபரேஷன் முடிஞ்சு வந்து ஒருநாள் அதே மாதிரி சொன்னேன். இந்தக் குரலக் கேட்டு நீ அலறி அழுதுட்ட. அதோட அதச் சொல்றத விட்டுட்டேன். எனக்கே மறந்துபோச்சு." அண்ணனிடம் திரும்பிக் கேட்டாள்: "நான் இப்படியாங்க பேசிட்டு இருந்தேன்?"

"இப்படியேதான்."

அந்தக் காலத்தில் யார் வீட்டில் குரலைப் பதிந்து வைத்தார்கள்? அண்ணி தன் பழைய குரலைக் கேட்டு இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவள் முகத்தில் அழுகை இல்லை. தொலைந்துபோன பொருளை வேறொருத்தர் வீட்டு அலமாரியில் பார்த்துவிட்ட மாதிரி ஒரு திகைப்புத்தான் இருந்தது.

அழுதது பொடிசு. அண்ணிக்காக அழுதாளா, அம்மா என்று தன்னிடம் இருந்த ஒன்றும் கைவிட்டுப் போனதற்காக அழுதாளா என்று அவளுக்கே பிடிபடவில்லை. இரண்டுக்கும்தான் என்று வைத்துக்கொள்ளலாம். அண்ணி எழுந்து பாதி தேய்த்த சட்டையாலேயே அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். சட்டை இன்னும் சூடாக இருந்தது.

"அப்ப அம்மா எப்படிப் பேசுவாங்க?" என்று பொடிசு கேட்டாள்.

அண்ணன் யோசித்தான். நுரையைத் தோள் துண்டில் வழித்தான். "ரொம்பப் பேசமாட்டா. மூச்சு வாங்கும். கூப்பிடணும்னா டம்ளரால கட்டில் சட்டத்தத் தட்டுவா. ரெண்டு தட்டுனா நான் போகணும். மூணு தட்டுனா உன்னத் தூக்கிட்டு வரணும்." பிறகு, "முக்கால்வாசி மூணுதான் தட்டுவா" என்று சொல்லிவிட்டு மறு கன்னத்தை மழிக்கப் போய்விட்டான்.

கடைசி அத்தியாயத்தை வாசிக்கப் பொடிசு போனபோது அண்ணியும் கூட வந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காதுக்கு அருகில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். வந்ததும் வராததுமாக, அந்த அறையின் திரைச்சீலைகள் சலவையைப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று என்று காதிடம் விசாரித்தாள். காது அவள் குரலைக் கேட்டுவிட்டுப் பொடிசைப் பார்த்தார், பொடிசு தலையைக் குனிந்துகொண்டாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. பொடிசு ஸ்டாண்டின் சட்டத்தை விரல் முட்டியால் மூன்று தரம் தட்டினாள். பிறகு சாவியைச் சொன்னாள். அண்ணியின் உதடுகளும் கூடவே அசைந்தன, கண்ணாடியைத் தாண்டிச் சத்தம் வராது. பிறகு வாசித்தாள். நீ நிஜமாகவே என் அம்மாதானா என்று பெண் கேட்டாள், இல்லை என்று குரல் சொன்னது, அழுகை நிற்க ஒரு குரல் வேண்டியிருந்தது என்றது. பிடிக்காத அத்தியாயம் என்பதே நினைவில்லாமல் ஒரே மூச்சில் கடைசி வரிவரை போய்விட்டாள்.

"முன்னாடி ஸ்டாண்டத் தட்டினீங்க மேடம், மூணு தடவ. அதுவும் பதிவாயிருக்கு" என்றார் காது.

"தெரியும். சாவியோட சேர்த்து வெட்டிடுங்க. வெட்டினத மட்டும் தூக்கிப் போட்டுராதீங்க, எனக்கு அனுப்புங்க."

அதை அவள் அண்ணியின் போனுக்கும் அண்ணனின் போனுக்கும் அனுப்பினாள். அண்ணி அதை என்ன செய்தாள் என்று யாரும் கேட்கவில்லை. அண்ணன் செய்தது ஊருக்கே தெரியும். அண்ணி கூப்பிட்டால் மட்டும் அவன் போன் அந்தக் குரலில் அடிக்கும்படி வைத்துக்கொண்டான். லிப்ட் குழிக்குள் எண்ணெய்க் கையோடு தொங்கிக்கொண்டிருப்பான். சட்டைப் பையிலிருந்து மூன்று தட்டு, யானை வாய் வேணாம், எறும்பு வாய், எறும்பு வாய் ஒண்ணே ஒண்ணு. கூட வேலை செய்கிறவர்கள் சிரித்து ஓய்ந்துவிட்டார்கள். எடுங்கண்ணே என்றாலும் எடுக்கமாட்டான், அது முழுசாக அடித்து முடியட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு இருப்பான்.

முடிந்த பிறகுதான் எடுப்பான். எடுத்ததும் அந்தப் பக்கத்திலிருந்து தகரம் இழுபடும்.

"பைல வச்ச போன எடுக்க இவ்வளவு நேரமா? அதுக்கென்ன காலா முளைச்சிருக்கு?"